ஏழும் ஏழும் ஆறும்: புரோகிரசிவ் ராக், மெட்டல் இசையின் கடினம் எங்கே இருக்கிறது?

புரோகிரசிவ் ராக், புரோகிரசிவ் மெட்டல் ஆகிய இசை வகைகளைப் பற்றிப் பேச்சு எழும்போது, அவற்றின் ரசிகர்கள் "டெக்னிக்கல்" என்ற சொல்லைத் தவறாமல் கையாளுகிறார்கள். பழக்கமில்லாமல் கேட்பவருக்கோ வேகமும் இரைச்சலும் நீளமுமே காதில் விழுகின்றன. இரு தரப்பும் ஒரே பாட்டைத்தான் கேட்கின்றன. ஆனால் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. விரைவாக வாசிப்பதையா, சிக்கலாக எழுதுவதையா, எழுதியதை மேடையில் பிசகாமல் நிகழ்த்துவதையா? இவை மூன்றும் வெவ்வேறு திறமைகள். ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றில் சாதாரணமானவராக இருப்பதும் உண்டு. இந்த இசையில் மிகவும் பாராட்டப்படும் வேகம் உண்மையில் எளிதான பகுதி என்பதும், கடினமெல்லாம் எண்ணிக்கையிலும் நினைவிலும் பலர் சேர்ந்து ஒரே கணக்கைச் சுமப்பதிலும் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரு விமான நிலையக் குறியீடு

கனடாவின் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கு வழங்கப்பட்ட மூன்றெழுத்துக் குறியீடு ஒய்-ஒய்-இசட். ரஷ் என்ற கனடிய இசைக்குழு 1981இல் வெளியிட்ட 'மூவிங் பிக்சர்ஸ்' தொகுப்பில் அதே பெயரில் பாடல் வரிகள் இல்லாத ஒரு கருவியிசைப் படைப்பு இருக்கிறது. விமானிகளுக்கு வழிகாட்டும் வானொலி அலை அந்த மூன்றெழுத்தை மோர்ஸ் ஒலியாக, அதாவது புள்ளியும் கோடுமான தந்திக் குறிகளாக, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஒலியின் தாளத்தைத்தான் குழுவினர் படைப்பின் தொடக்கமாக வைத்தார்கள்.

மோர்ஸில் 'ஒய்' என்ற எழுத்து கோடு, புள்ளி, கோடு, கோடு. 'இசட்' என்பது கோடு, கோடு, புள்ளி, புள்ளி. கோட்டுக்கு இரண்டு மாத்திரையும் புள்ளிக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தால், முதல் 'ஒய்' 2+1+2+2 என ஏழாகும். இரண்டாவது 'ஒய்'யும் ஏழு. 'இசட்' 2+2+1+1 என ஆறு. மொத்தம் இருபது மாத்திரை. நான்கு மாத்திரை சேர்ந்தது ஒரு பீட் என்று கொண்டால் இது சரியாக ஐந்து பீட்.

இந்த இருபதை இருவிதமாக எண்ணலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். காலால் தட்டும்போது அது 4+4+4+4+4. காதில் விழுவதோ 7+7+6. அழுத்தங்கள் கால் தட்டும் இடத்தில் விழாமல் நழுவிக்கொண்டே போய், இருபதாவது மாத்திரை முடிந்தபின் மீண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் முதலில் சிறு மணித்தட்டுகளில் தனியாக அதைத் தட்டிக் காட்டுகிறார். பிறகு கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் அதே அழுத்தங்களில் ஒன்றாக இறங்குகின்றன. வேகம் நடுத்தரம்தான். ஆனால் மூவரில் ஒருவர் ஒரு மாத்திரை பிந்தினாலும் அதை ஒளிப்பதற்கு இடமே இல்லை.

இந்த வகையின் நுட்பம் என்று சொல்லப்படுவதன் கரு இதுதான். இனி வரும் சிக்கல்கள் எல்லாம் இதன் பெருக்கங்கள்.

எங்கிருந்து வந்தது

1960களின் இறுதியில் பிரிட்டனில் ராக் இசைக்கலைஞர்கள் சிலர் மூன்று நிமிடப் பாட்டு என்ற அளவை மீறத் தொடங்கினார்கள். கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு 1969 அக்டோபரில் வெளிவந்தது. இந்த வகையின் பிறப்புச் சான்றிதழாகப் பலரும் காட்டுவது அதைத்தான். யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், ஜென்டில் ஜயன்ட், ஜெத்ரோ டல், பிங்க் ஃபிளாய்ட் ஆகிய குழுக்கள் அடுத்த ஐந்தாண்டுகளில் உச்சத்தைத் தொட்டன. 1976, 77இல் எழுந்த பங்க் என்ற எளிய, முரட்டு ராக் அலை, இதையெல்லாம் வீண் பகட்டு என்று ஒதுக்கியது.

ஒதுங்கியது அழியவில்லை. 1980களில் ஹெவி மெட்டல் கிட்டார் கலைஞர்கள் அந்த நீண்ட அமைப்புகளையும் கோணலான தாளங்களையும் தங்கள் கனத்த ஒலிக்குள் கொண்டுவந்தார்கள். பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் 1985இல் தொடங்கிய குழு பின்னாளில் ட்ரீம் தியேட்டர் என்ற பெயர் பெற்றது. அதன் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பு புரோகிரசிவ் மெட்டலைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. சுவீடனில் மெஷுகாவும் ஓபெத்தும், அமெரிக்காவில் டூலும் வெவ்வேறு திசைகளில் அதை இழுத்துச் சென்றன. இந்தக் குழுக்கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை என்பதே முதல் குழப்பம். இவற்றை இணைப்பது ஒலியின் நிறத்தைவிட, பாட்டைக் கட்டும் முறை.

தாளக் கணக்கு: மூன்று படிகள்

மேற்கத்திய இசையில் ஒரு சுற்றின் அளவை 'டைம் சிக்னேச்சர்' என்ற இரண்டு எண்களால் குறிக்கிறார்கள். மேல் எண், ஒரு சுற்றில் எத்தனை எண்ணிக்கை என்பதைச் சொல்லும். கீழ் எண், அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றும் எந்த அளவினது என்பதைச் சொல்லும்: 4 என்றால் கால், 8 என்றால் அரைக்கால், 16 என்றால் மாகாணி. ஒரு சுற்றுக்கு 'பார்' என்று பெயர். நாம் அன்றாடம் கேட்கும் ராக், பாப் பாட்டுகளில் பெரும்பான்மை 4/4. புரோகிரசிவ் இசை இதிலிருந்து விலகும் விதத்தை மூன்று படிகளாகப் பார்க்கலாம். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கடினம்.

1. ஒற்றைப்படைச் சுற்று. பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) ஏழு பீட் சுற்றில் அமைந்தது. அதன் தொடக்கத்தில் வரும் நாணயச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் அந்த ஏழைக் கட்டிக்கொடுக்கின்றன: ஒவ்வொரு சத்தத்தையும் ஒலிநாடாவில் பதிந்து, அடிக்கோலால் அளந்து ஒரே நீளத்துக்கு வெட்டி, ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டார்கள். பாட்டும் சாக்ஸஃபோன் தனி வாசிப்பும் ஏழில் ஓடுகின்றன. கிட்டார் தனி வாசிப்பு வரும்போது குழு 4/4க்கு மாறிவிடுகிறது.

கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகியவருக்கு ஏழு என்பது எந்த வகையிலும் அதிசயம் இல்லை. மூன்றும் நான்குமாகக் கையைத் தட்டிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். ஐந்தும் அப்படியே. ஆகவே, "7/4இல் வாசிக்கிறார்கள்" என்பதை மட்டுமே பெரிய சாதனையாகச் சொல்லும் பாராட்டுகளைச் சற்றுத் தள்ளுபடி செய்தே வாங்க வேண்டும். நான்கிலேயே ஊறிய காதுக்குத்தான் ஏழு வியப்பு.

2. மாறிக்கொண்டே இருக்கும் சுற்று. இங்கேதான் கதை மாறுகிறது. கர்நாடக இசையில் ஓர் உருப்படி பொதுவாக எடுத்த தாளத்திலேயே முடியும்; அதற்குள் நடை (ஓர் எண்ணிக்கையை எத்தனையாகப் பகுப்பது என்பது) மாறலாம், கணக்கு வழக்குகள் எத்தனையோ நடக்கலாம், ஆனால் கையில் போடும் தாளம் மாறாது. புரோகிரசிவ் மெட்டலிலோ தரையே நகர்கிறது. ட்ரீம் தியேட்டரின் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' (1999) சுமார் ஆறு நிமிடம் ஓடும் கருவியிசை. அதற்குள் நூறு தடவைக்கு மேல் டைம் சிக்னேச்சர் மாறுகிறது. சராசரியாக நான்கு விநாடிக்குள் ஒரு தடவை என்று கணக்கு வரும். அடுத்த சுற்று எத்தனை என்பதை வாசிப்பவர் எண்ணிக் கண்டுபிடிக்க நேரமே இருக்காது. எனவே, அவர்கள் எண்ணுவதில்லை. ஒவ்வொரு துண்டையும் ஒரு மெட்டாக, ஒரு வாக்கியமாக மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள்; வாக்கியம் முடியும் இடத்தில் சுற்று தானாக முடிகிறது. தாளச் சொற்களின் தொடரான சொற்கட்டைச் சொல்லிச் சொல்லி நாக்கில் படியவைத்துவிட்டு மிருதங்கத்தில் கைவைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

டூல் குழுவின் 'லாட்டெராலஸ்' (2001) இதையே வேறு விதமாகச் செய்கிறது. அதன் பல்லவிப் பகுதியில் 9/8, 8/8, 7/8 என மூன்று சுற்றுகள் அடுத்தடுத்து வருகின்றன. 987 என்பது, ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபொனாச்சி வரிசையில் பதினாறாவது எண். இதைக் கவனித்தபின், பாட்டின் அசைகளையும் 1, 1, 2, 3, 5, 8 என்று அதே வரிசையில் ஏறி இறங்கும்படி அமைத்தார்கள். இந்தத் தகவல் இணையத்தில் ஏராளமாகப் புழங்குகிறது; ஆனால், அது தெரியாமலேயே கேட்டாலும் அந்தப் பகுதி ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கை குறைந்து முன்னோக்கிச் சரிவதை உடம்பு உணர்கிறது என்பதே முக்கியம். எண் விளையாட்டு காதுக்கு ஒன்றும் செய்யாவிட்டால் அது காகிதத்தில் மட்டும் இருக்கும் திறமை.

3. ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் சுற்றுகள். இரண்டு கருவிகள் ஒரே மாத்திரையைப் பகிர்ந்துகொண்டு, ஆனால் வெவ்வேறு நீளமுள்ள சுற்றுகளில் ஓடுவதற்கு 'பாலிமீட்டர்' என்று பெயர். ஒரே கால அளவை ஒருவர் மூன்றாகவும் மற்றவர் இரண்டாகவும் வகுப்பது 'பாலிரிதம்'. இந்த இரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன. முன்னதில் மாத்திரை ஒன்று, சுற்று வேறு. பின்னதில் சுற்று ஒன்று, மாத்திரை வேறு.

ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' (1972) என்ற நீண்ட படைப்பின் பிற்பகுதியில் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒன்பதில் உறுதியாக நிற்க, டோனி பேங்க்ஸின் கீபோர்டு அந்த ஒன்பதைப் பொருட்படுத்தாமல் அதன்மேல் அலைகிறது. கிங் கிரிம்சனின் 'ஃபிரேம் பை ஃபிரேம்' (1981) இன்னும் கறாரானது: இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டில் தொடங்குகின்றன, ஒன்று ஏழும் ஏழுமாகப் பதினான்கில் ஓட, மற்றது ஒரு சுரத்தை விட்டுவிட்டுப் பதின்மூன்றில் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மாத்திரை விலகல். பக்கத்தில் நிற்பவர் தன் மெட்டையே சற்றுத் தவறாக வாசித்துக்கொண்டிருப்பதைக் காதில் வாங்கியபடி, தன் கணக்கை விடாமல் பிடிக்க வேண்டும். விரல்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை.

மெஷுகாவின் வெட்டு

இந்த மூன்றாவது படியை ஒரு குழுவின் முழு அடையாளமாகவே ஆக்கியவர்கள் மெஷுகா. சுவீடனின் வடக்கே உள்ள ஊமியோ நகரில் 1987இல் தொடங்கிய இவர்களின் இசையை முதன்முதலாகக் கேட்பவர், "இதில் தாளமே இல்லை" என்று சொல்வது வழக்கம். உண்மையில் தாளம் மிகச் சாதாரணமான 4/4. அதை வலக்கையால் சிம்பலில் சீராகத் தட்டிக்கொண்டிருக்கிறார் டிரம்ஸ் கலைஞர் டோமாஸ் ஹாகே. ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அடியும் பெரும்பாலும் அந்த நான்கோடு ஒட்டியே விழுகிறது. கால்களோ பேஸ் டிரம்மில் கிட்டாரின் கோணலான சுற்றைப் பின்தொடர்கின்றன. ஒரே உடம்பில் இரண்டு கணக்கு.

எடுத்துக்காட்டாக, கிட்டாரும் கால்களும் வாசிக்கும் தொடர் 25 மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். கை தட்டும் 4/4 சுற்று 16 மாத்திரை. எட்டுச் சுற்றுக்கு 128. அந்தத் தொடர் ஐந்து முறை வந்தால் 125 ஆகிவிடும், மிச்சம் மூன்று. மெஷுகா செய்வது என்னவென்றால், ஆறாவது முறை தொடரைத் தொடங்கி, மூன்றாவது மாத்திரையில் வெட்டிவிட்டு, கையோடு சேர்ந்து முதலிலிருந்து ஆரம்பிப்பது.

கர்நாடக இசையில் தொடர்களைக் கணக்காக அடுக்கி முடிக்கும் கோர்வையைத் தெரிந்தவர் இங்கே ஒரு வேறுபாட்டைக் காண்பார். மிருதங்கக் கலைஞர் 128 மாத்திரைக்குள் முடிய வேண்டிய கோர்வையைத் தொடரின் நீளங்களைக் கூட்டியும் குறைத்தும், இடையில் கார்வை (இடைவெளி) விட்டும், அறுதி (முடிவு) சரியாகச் சமத்திலோ (தாளத்தின் தொடக்கம்) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) விழும்படி முன்கூட்டியே சமைத்துவைக்கிறார். கணக்கு அழகாகக் கூடி வருவதே அங்கு இன்பம். மெஷுகாவின் சுற்று கூடி வருவதில்லை, முறிக்கப்படுகிறது. அந்த முறிவுதான் கேட்பவரை முன்னால் தள்ளுகிறது. இரண்டில் எது மேல் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால், ஒரே வகுத்தல் கணக்கின் மீதியை இரண்டு மரபுகள் இப்படி நேரெதிராகக் கையாளுவது கவனிக்கத்தக்கது.

தென்னிந்தியத் தாளத்துக்கும் இந்த உலகத்துக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா மூலம் ராக் ஒலியில் மிகச் சிக்கலான சுற்றுகளைக் கொண்டுவந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பின்னர் எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவைத் தொடங்கினார். டூலின் டிரம்ஸ் கலைஞர் டேனி கேரி தபலா பயின்றவர்; அதைத் தன் குழுவின் பதிவுகளிலும் வாசித்திருக்கிறார். எல்லாம் கிழக்கிலிருந்து போனது என்று இதை நீட்டிவிடக் கூடாது. ஐரோப்பிய நாட்டார் இசையும் இருபதாம் நூற்றாண்டுச் செவ்வியல் இசையும் ஜாஸும் அதைவிடப் பெரிய ஊற்றுகள்.

வேகமும் இரைச்சலும்: எது எளிது, எது கடினம்

நிமிடத்துக்கு 200 பீட் வேகத்தில் ஒவ்வொரு பீட்டுக்கும் நான்கு சுரம் வாசித்தால் விநாடிக்குப் பதின்மூன்று சுரத்துக்குச் சற்று மேல் வரும். முறையாகப் பயிற்சி செய்யும் கிட்டார் மாணவர் சில ஆண்டுகளில் இந்த எல்லையை நெருங்கிவிடலாம். சீரான வேகத்தைத் தட்டிக்காட்டும் கருவியான மெட்ரோனோமைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போவதற்குப் பொறுமை போதும். வேகத்தை எளிதான பகுதி என்று முதலில் சொன்னது இந்தப் பொருளில்தான்.

கனத்த 'டிஸ்டார்ஷன்' ஒலி இதில் ஒரு பக்கம் உதவுகிறது, மறுபக்கம் காட்டிக்கொடுக்கிறது. டிஸ்டார்ஷன் என்பது மின்குறிப்பை அதன் எல்லைக்கு மேல் பெருக்கி, அலையின் உச்சிகளைத் தட்டையாக வெட்டுவது. இதன் விளைவாக மெல்லிய ஒலியும் வலிய ஒலியும் ஏறத்தாழ ஒரே உரப்பில் கேட்கும். தந்தியை வலக்கையால் மீட்டாமல், இடக்கை விரலை அழுத்தியும் எடுத்தும் மட்டுமே எழுப்பும் சுரங்கள்கூட முழுமையாக ஒலிக்கும். சாதாரண அகூஸ்டிக் கிட்டாரில் அதே வரிசை பாதி காணாமல் போய்விடும்.

ஆனால், அதே பெருக்கம் வாசிக்கக் கூடாததையும் பெருக்குகிறது. விரல் தந்தியின்மேல் வழுக்கும் கீச்சொலி, பக்கத்துத் தந்தி தானாக அதிர்வது, விரலை எடுக்கும்போது தந்தி மெல்ல முனகுவது ஆகிய எல்லாம் சுரத்துக்குச் சமமாக ஒலிபெருக்கியில் வந்து நிற்கும். ஆகவே, தேர்ந்த மெட்டல் கிட்டார் கலைஞரின் கையை அருகிலிருந்து பார்த்தால், அதன் உழைப்பில் பெரும்பங்கு ஒலியை எழுப்புவதில் இல்லை, அடக்குவதில் இருக்கிறது. வலது உள்ளங்கையின் விளிம்பு கனத்த தந்திகளின் அடிப்பகுதியில் படுத்திருக்கும். இடக்கையின் சுட்டுவிரல் நுனி மேல் தந்தியைத் தொட்டு ஊமையாக்கும், அதே விரலின் அடிப்பகுதி கீழ்த் தந்திகளின்மேல் லேசாகச் சாய்ந்திருக்கும். ஆறு தந்தியில் ஐந்தை அடக்கி ஒன்றை மட்டும் பேசவிடுவது, அதுவும் விநாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட முறை.

எட்டுத் தந்திக் கிட்டாரில் இது இன்னும் கூடுகிறது. வழக்கமான கிட்டாரின் தாழ்ந்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும். எட்டாவது தந்தி சுமார் 46 ஹெர்ட்ஸ். அது ஏறத்தாழ பேஸ் கிட்டாரின் இடம். அந்தத் தாழ்வில் டிஸ்டார்ஷனோடு இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து மீட்டினால் ஒலி சேறாகிவிடும். அதனால்தான் இந்தக் குழுக்களின் தாழ்ந்த ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்கள், பெரும்பாலும் ஒற்றைச் சுரங்களாகவும், இடைவெளிகள் கத்தியால் நறுக்கியதுபோலவும் இருக்கின்றன. மெட்டுக்கு இடம் குறைந்ததால் தாளம் எல்லாப் பாரத்தையும் ஏற்றது என்றும் இதைப் பார்க்கலாம்.

டிரம்ஸில் கால்களின் கதையும் இத்தகையதே. மெஷுகாவின் 'பிளீட்' (2008) நிமிடத்துக்குச் சுமார் 115 பீட் என்ற அவசரமற்ற வேகத்தில் ஓடுகிறது. ஆனால் பேஸ் டிரம் அடிகள் பீட்டின் எட்டில் ஒரு பங்கு இடைவெளியில் இரட்டையாக வெடிக்கின்றன. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 0.065 விநாடி. சீராக ஓடுவதானால் கால்கள் பழகிவிடும். விட்டு விட்டு வெடித்து, ஒவ்வொரு வெடிப்பும் கிட்டாரின் அதே வெடிப்போடு பொருந்த வேண்டும், ஏழு நிமிடத்துக்கு மேல்.

நீளமும் நினைவும்

பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் இடம் உண்டு. 1972இல் இந்தப் பக்கத்தையே படைப்பின் அளவாக எடுத்துக்கொண்டார்கள்: யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' பதினெட்டு நிமிடத்துக்கு மேல், 'சப்பர்ஸ் ரெடி' சுமார் இருபத்து மூன்று. ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்' பக்கத்தையும் தாண்டி, இரு பக்கமும் ஒரே படைப்பாக நாற்பது நிமிடத்தைக் கடந்தது. நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவது கேட்பவரின் பொறுப்பு.

நீளம் தன்னளவில் திறமை ஆகாது. ஒரே ரிஃபை இருபது நிமிடம் வாசிக்க யாராலும் முடியும். கேள்வி, கேட்பவரை அத்தனை நேரம் எதனால் கட்டிப்போடுவது என்பது. பாப் பாட்டு இதற்குப் பல்லவியைத் திருப்புகிறது. 'குளோஸ் டு தி எட்ஜ்' ஒரு மெட்டை முதலில் பரபரப்பான சுற்றில் காட்டி, அடுத்த பகுதியில் அதன் தாள அடிப்படையை மாற்றி, மூன்றாம் பகுதியில் எல்லாவற்றையும் அமைதியாக்கி, லண்டன் தேவாலயம் ஒன்றின் பைப் ஆர்கனை முழங்கவிட்டு, கடைசியில் பழைய மெட்டை உயர்த்திக் கொண்டுவருகிறது. திரும்பி வரும் மெட்டு முன்பு வந்த அதே மெட்டுதானா என்று ஒரு கணம் ஐயப்படும் அளவுக்கு மாறியிருக்கும். இது சிம்ஃபனி எழுதுபவரின் உத்தி. நாலைந்து பேர் ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பதிந்து, ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்தது என்பது அதற்கு ஒரு விசித்திரமான கூடுதல். முன்பு சொன்ன 'டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யும் இதே குலம்தான்: அதன் ரிஃப்களில் பல, ஏழாண்டுக்கு முந்தைய ட்ரீம் தியேட்டர் பாட்டொன்றின் மெட்டுகளைச் சிதைத்தும் திருகியும் எடுத்தவை. பழைய பாட்டை அறிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு.

பல குரல்களை ஒன்றோடொன்று பின்னுவதில் ஜென்டில் ஜயன்ட் தனியாக நிற்கிறது. அக்குழுவின் கெர்ரி மின்னியர் லண்டன் ராயல் அகாடமியில் இசையமைப்புப் படித்தவர். 1972இல் வந்த 'நாட்ஸ்' என்ற பாட்டில் நான்கு பாடகர்கள் ஒரே வாக்கியத்தின் சொற்களை ஆளுக்கொன்றாகப் பிய்த்துப் பாட, எவருடைய வரியும் தனியாகப் பொருள் தராது, சேர்ந்தால்தான் வாக்கியம். இன்றைய குழுக்கள் பல இதைவிடப் பன்மடங்கு வேகமாக வாசிக்கின்றன. இந்தப் பின்னலை முயன்றவை மிகக் குறைவு. அந்த வகையில், 1972க்குப் பின் இந்த இசை ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் குறுகியது என்றுதான் சொல்ல வேண்டும்.

குரலிலும் இத்தகைய எல்லைத் தாண்டல் உண்டு. ஓபெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் ஒரே பாட்டுக்குள் ஆழ்ந்த உறுமலிலிருந்து மென்மையான பாட்டுக் குரலுக்கு மாறுகிறார். உறுமல் என்பது கத்தல் இல்லை. உண்மையான குரல்நாண்களுக்கு மேலே உள்ள போலிக் குரல்மடிப்புகளை அதிரவிட்டு, மூச்சை அளந்து விடும் முறை. தொண்டையை இறுக்கிக் கத்திப் பழகியவர் அடுத்த வரியில் சுருதி சேர்ந்து பாட முடியாது.

கணினி சரிசெய்துவிடாதா?

இந்த இசையைப் பற்றிய ஆட்சேபங்களில் இரண்டு நியாயமானவை.

முதலாவது, சிக்கல் வேறு, இசை வேறு என்பது. டைம் சிக்னேச்சர்களை எண்ணி மதிப்பெண் போடும் ரசனை இந்த வட்டாரத்தில் இருப்பது உண்மை; அதற்குத் தீனி போடுவதற்காகவே எழுதப்பட்ட பாட்டுகளும் இருக்கின்றன. பிங்க் ஃபிளாய்டில் விரல் வித்தை காட்டியவர் எவரும் இல்லை. இருந்தும் நீண்ட அமைப்பைக் கட்டுவதில் அவர்களுக்கு இணையாகச் சிலரையே சொல்ல முடியும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. இன்றைய பதிவு மென்பொருளில் டிரம்ஸ் அடி ஒவ்வொன்றையும் இழுத்துச் சரியான மாத்திரையில் பொருத்தலாம். கிட்டார் தொடரை மெதுவாக வாசித்து, துண்டு துண்டாக ஒட்டி, பிழையற்றதாக்கலாம். அப்படியானால் பதிவில் கேட்பது யாருடைய திறமை? இதற்குப் பதில், பதிவை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது என்பதே. எழுதும் திறமைக்குப் பதிவு சான்று; நிகழ்த்தும் திறமைக்கு மேடைதான் சான்று. 1972இல் ஒலிநாடாவை வெட்டி ஒட்டிய காலத்திலிருந்தே இந்தப் பிரிவினை உண்டு.

மெஷுகா இதை மறைக்காமலேயே ஒரு படி மேலே போனார்கள். 2005இல் வெளியான அவர்களின் 'கேட்ச் தர்ட்டிதிரீ' தொகுப்பில் டிரம்ஸை மனிதர் வாசிக்கவில்லை. ஒலி மாதிரிகளைக் கொண்டு கணினியில் அடி அடியாக எழுதிச் சேர்த்தார்கள். தொகுப்பு முழுவதும் இடைவெளியின்றி ஓடும் ஒரே படைப்பு. சுற்றுகள் வழக்கத்தைவிட நீளம். சில ஆண்டுகள் கழித்து அதன் நடுப்பகுதியிலிருந்து சில பாட்டுகளைக் குழு மேடைக்குக் கொண்டுவந்தது. 2014இல் வெளியான நேரலைத் தொகுப்பில் அவை பதிவாகியுள்ளன. கணினிக்காக எழுதிய அந்தச் சுற்றுகளை, வலக்கையில் நான்கும் கால்களில் வேறொரு கணக்குமாக, அங்கே டோமாஸ் ஹாகே வாசிக்கிறார்.